அரம் பட்ட சாக்ஸஃபோன்: வாங்கியவர் கேட்கிறார், வழக்கறிஞர் பதில்

பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்ற கோரிக்கையோடு ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்.

பள்ளி பேண்டு குழுவில் ஆல்டோ சாக்ஸஃபோன் வாசித்தவர் அவர். வேலை, குடும்பம் என்று பதினைந்து வருடம் கருவியைத் தொடவே இல்லை. இப்போது மறுபடி ஆசை வந்திருக்கிறது. புதிது கட்டுப்படியாகாது என்று ஆன்லைனில் தேடியபோது, பெயர்பெற்ற தயாரிப்பு ஒன்று புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. மூன்றே மூன்று படங்கள். கீழே, "ஒரே கை உபயோகம். வாசிக்கத் தயார். உள்ளது உள்ளபடி, ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரி. முன்பணத்தை அந்தத் தளத்தின் வழியாகக் கார்டில் கட்டினார். "மீதியை நேரா என் அக்கவுண்ட்ல போட்டுடுங்க, கமிஷன் மிச்சம்" என்று விற்றவர் சொல்ல, அப்படியே போட்டுவிட்டார்.

கருவி வந்தது. மேல் ஸ்வரங்கள் பேசின. கீழே இறங்க இறங்கக் காற்றுதான் வந்தது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், பேடுகள் (துளைகளை மூடும் மெத்தைகள்) காய்ந்து வெடித்திருக்கின்றன, மவுத்பீஸ் மாட்டும் கழுத்துக் குழாய் தாழ்ந்திருக்கிறது, சரிசெய்ய வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றார். பிறகு கருவியைத் திருப்பி, கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே விரலால் தடவி, "சீரியல் நம்பர் இங்கதான் இருக்கணும். யாரோ அரம் போட்டிருக்காங்க" என்றார். விற்றவரிடம் கேட்டதற்கு, "கூரியர்ல அடிபட்டிருக்கும், நான் பொறுப்பில்லை" என்று ஒரு பதில். அதன் பிறகு பேச்சே இல்லை. அண்ணனோ, "அதே படங்களைப் போட்டு வேற யார்கிட்டயாவது தள்ளிவிடு" என்கிறார்.

வாசகர் கேட்பவை: பணம் திரும்ப வருமா? கருவி சட்டப்படி என்னுடையதா? விற்கலாமா? அதுவரை வாசித்துப் பழகலாமா? கூடவே மனைவிக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய கிடார் வாங்குவது பற்றியும் ஒரு கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் முழுக்க "என் முட்டாள்தனம்" என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது. ஆறு இடத்தில் எண்ணினேன். அதை விட்டுவிடுவோம். வழக்கறிஞர்களே இப்படி வாங்கிவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

நீங்கள் பேடையும் கழுத்தையும் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, எண் விஷயத்தை நான்கு வரியில் முடித்திருக்கிறீர்கள். எனக்கு அந்த நான்கு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. பேடு போனது பணக் கணக்கு. எண் போனது, இது யாருடைய பொருள் என்ற கணக்கு. இரண்டாவது தீராமல் முதலாவதில் கைவைத்தால் இன்னும் சிக்கிக்கொள்வீர்கள்.

சட்டப்பிரிவுகளை இங்கே அடுக்கப்போவதில்லை, அவை நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலான இடங்களில் பொருந்தும் அடிப்படைகளை மட்டும் சொல்கிறேன். செயலில் இறங்கும் முன் உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

உங்களை இரண்டாகப் பிரிக்கும் ஒரு தேதி

பழுதுபார்ப்பவர் அந்த இடத்தில் விரல் வைத்த நாள் எது? கடிதத்தில் "போன வாரம்" என்றுதான் இருக்கிறது. சரியான தேதியைக் கண்டுபிடித்து எழுதி வையுங்கள்.

அந்த நாளுக்கு முன்பு நீங்கள் ஒன்றும் அறியாமல் வாங்கியவர். அதற்குப் பின்பு, இது திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் உள்ளவர். திருட்டுப் பொருளை வைத்திருப்பது தொடர்பான சட்டங்கள் பல நாடுகளில் "தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ" என்ற அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே, வாங்கியதற்காக இன்று உங்களை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். மூன்றில் ஒரு பங்கு விலை என்பதும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே வரும். "அவ்வளவு மலிவாகக் கிடைத்தபோது தோன்றவில்லையா?" என்பார்கள். பதினைந்து வருடம் சந்தையைப் பார்க்காதவர் நீங்கள், பழையதின் விலை தெரியாது. உண்மையை அப்படியே சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எண் இல்லாத சாக்ஸஃபோன் எல்லாம் திருட்டு சாக்ஸஃபோன் அல்ல. பழைய கருவியைப் பாலிஷ் போட்டு மறுபடி லேக்கர் என்ற மேற்பூச்சு அடிக்கும்போது எண் மங்கிப்போவது சகஜம். ஆனால் அப்படி மங்கினால் எண் மட்டும் மங்காது. மணி போல விரிந்த வாய்ப்பகுதியில் பூவேலைப்பாடு பொறித்திருப்பார்கள் அல்லவா, அதுவும் சேர்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். உங்களுடையதில் பூவேலைப்பாடு நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கூர்மையாக இருக்கிறது, எண் இருந்த இடத்தில் மட்டும் ஒரே திசையில் கோடுகள் ஓடுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாலிஷ் துணி அப்படிக் கோடு போடாது.

அதனால் இப்போதைக்குப் பழுதுபார்க்க விடாதீர்கள், துடைக்கக்கூட விடாதீர்கள். எண்ணை உலோகத்தில் அச்சாகக் குத்தும்போது அடியில் இருக்கும் உலோகமும் நெரிந்து இறுகுகிறது. மேலே அரத்தால் தேய்த்தாலும் அந்த நெரிசல் உள்ளே இருக்கும். தடயவியல் கூடங்களில் அமிலம் தடவி அத்தகைய எண்களை மீட்டெடுப்பதுண்டு. எல்லா முறையும் வராது. ஆனால் "அழகாக இருக்கட்டும்" என்று யாராவது அந்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றினால் வருவதும் வராமல் போகும். சில தயாரிப்பாளர்கள் கழுத்துக் குழாயிலும் எண் பொறிப்பதுண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு தாளில், தேதியிட்டு, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் இனி உங்களுக்குக் கவசம்.

கருவி யாருடையது?

"காசு கொடுத்து வாங்கினேன், என்னுடையதுதானே?" என்று கேட்கிறீர்கள். திருடப்பட்டது என்று உறுதியானால், ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் பதில் இல்லை என்பதுதான். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திருடியவனிடம் உரிமை இல்லை. அவனிடம் வாங்கியவரிடமும் இல்லை, அவரிடம் வாங்கிய உங்களிடமும் இல்லை. எத்தனை கை மாறினாலும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் விசித்திரமான விதிவிலக்கு ஒன்று இருந்தது. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட திறந்த சந்தையில், பகல் வெளிச்சத்தில், சந்தேகம் இல்லாமல் வாங்கியவருக்குத் திருட்டுப் பொருளும் சொந்தமாகிவிடும். 1994இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். இத்தாலி போன்ற நாடுகளின் சட்டம் இன்றும் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. ஆனால் எங்கே போனாலும் அந்த நல்லெண்ணத்தைத்தான் முதலில் சோதிப்பார்கள்.

உரிமையாளர் வந்து நிரூபித்தால் கருவி அவரிடம் போகும். உங்களுக்கு மிஞ்சுவது விற்றவர் மேல் வழக்குத் தொடரும் உரிமை. இதைச் சொல்ல எனக்கே கசப்பாகத்தான் இருக்கிறது. பொருளும் போய்ப் பணமும் போகும் சாத்தியம் நிஜமாகவே உண்டு. நீங்களே புகார் கொடுத்தாலும், சாட்சியப் பொருள் என்று காவல்துறை பல மாதம் வைத்துக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. திருடு கொடுத்தவர் காப்பீடு செய்து இழப்பீடு வாங்கியிருந்தால், கருவியின் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். பழைய சாக்ஸஃபோனை வைத்துக்கொண்டு நிறுவனம் என்ன செய்யும்? உங்களுக்கே ஒரு விலைக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கலாம். உரிமையாளரே புதிது வாங்கியிருந்தால் அவரும் சம்மதிக்கலாம். அப்படி முடிந்தால் உங்கள் கையில் முதன்முறையாக ஒழுங்கான ரசீது இருக்கும்.

காவல் நிலையத்துக்குப் போகும்போது விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய செய்திகள், பணம் போன விவரம், பழுதுபார்ப்பவரின் தாள் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துப்போங்கள். கருவியை ஒப்படைக்கச் சொன்னால், "தானாக முன்வந்து ஒப்படைத்தார்" என்று எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

உரிமையாளரை நீங்களே தேட வேண்டும் என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மனசு புரிகிறது. ஆனால் முழுப் படத்தையும் போட்டுத் தேடினால் நாலு பேர் "என்னுடையது" என்று வருவார்கள். ஒரு அடையாளத்தையாவது மறைத்து வைத்திருக்க வேண்டும். கருவிப் பெட்டியின் உள்ளறையில் நீங்கள் கண்டெடுத்ததாக எழுதிய பொருளை மேலே சுருக்கத்தில் நான் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். உண்மையான உரிமையாளர் வந்தால் கேட்காமலே சொல்வார்.

பணம் போன வழி

பணம் இரண்டு துண்டாகப் போயிருக்கிறது. இரண்டுக்கும் விதி வேறு.

கார்டில் கட்டிய முன்பணத்துக்கு வழி இருக்கிறது. தளத்தில் இன்றே புகார் பதியுங்கள், கூடவே வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறும் வழி, கேளுங்கள். சொன்னபடி பொருள் இல்லை என்ற வகைப் புகாருக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. தளத்தின் அவகாசம் இதைவிடக் குறைவாக இருக்கும், சில இடங்களில் சில நாட்கள்தான். ஒரு சிக்கலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "பொருளைத் திருப்பித் தர முயன்றீர்களா?" என்று வங்கி கேட்கும். திருட்டுப் பொருள் என்ற சந்தேகம் இருக்கும்போது நீங்களாக அனுப்பிவிடக் கூடாது. விற்றவருக்கு எழுத்தில், "திருப்பித் தரத் தயார், எண் அழிக்கப்பட்டிருப்பதால் காவல்துறை அனுமதித்த பிறகு அனுப்புவேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அதன் நகலை வங்கிக்குக் கொடுங்கள்.

விற்றவர் திடீரென்று இனிக்க இனிக்கப் பேசி, "அனுப்புங்க, பணத்தைத் திருப்பித் தர்றேன்" என்று சொன்னாலும் இதேதான் பதில். கருவி அவர் கைக்குப் போன மறுநாள் அவருடைய ஃபோன் நம்பரும் இருக்காது, தளத்தில் கணக்கும் இருக்காது.

நேராக வங்கிக் கணக்கில் போட்ட மீதிப் பணம் கடினம். தளம் அதற்குப் பொறுப்பேற்காது. வாங்குபவரைத் தளத்துக்கு வெளியே இழுப்பதே மோசடியின் முதல் அடி என்று தளங்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கின்றன. பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் போட்டாலும் இதே கதைதான், அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. வங்கிக்கு உடனே தெரிவியுங்கள், அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஆறுதல் உண்டு: தளத்தில் புனைபெயரில் இருந்தவர், வங்கிக் கணக்கில் ஏதோ ஒரு பெயரில் இருந்தாக வேண்டும். கமிஷன் மிச்சம் பிடித்தவர் தன் தடயத்தை விட்டுப் போயிருக்கிறார்.

"உள்ளது உள்ளபடி" என்ற வரி

அந்த ஒரு வரியோடு உங்கள் உரிமை எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். முடியவில்லை. தனி நபர் தனி நபருக்கு விற்கும்போது, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் பொது விதி. கடையில் வாங்கினால் கிடைக்கும் திருப்பித் தரும் உரிமை இங்கே கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பும் உரிமைகூட வியாபாரியிடம் வாங்கினால்தான். ஆனால் பொய் சொல்வதற்கு அந்த வரி உரிமம் அல்ல. "இனிமையான ஓசை" என்று எழுதினால் அது விற்பவரின் புகழ்ச்சி, வழக்கில் நிற்காது. "வாசிக்கத் தயார்" என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. "ஒரே கை" என்பதும் அப்படியே. இரண்டும் பொய் என்று காட்ட முடிந்தால் "ரிட்டர்ன் கிடையாது" அவரைக் காப்பாற்றாது.

அவருடைய பக்கத்தில் வேறு என்ன விற்றிருக்கிறார் என்றும் பாருங்கள். மாதத்துக்கு நாலு சாக்ஸஃபோன், ரெண்டு டிரம்பெட் என்று ஓடினால், "தனி நபர்" என்று போட்டுக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வியாபாரியாக இருக்கலாம். உங்கள் உரிமைகள் அப்போது கூடும்.

கூரியர் மேல் போட்ட பழியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். சிரித்தார். சாக்ஸஃபோனை அனுப்பும்போது கழுத்துக் குழாயைக் கழற்றித் தனியாகத்தான் வைப்பார்கள். அது தாழ்வது பெரும்பாலும் மனிதர் கையால்தான்: கழுத்தைக் கருவியில் பொருத்திய பிறகு மவுத்பீஸை மேலிருந்து அழுத்தி அழுத்தித் திணிப்பவர்களால். அப்படித் தாழ்ந்த குழாயின் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகும், அடியில் சுருக்கம் விழும். பேடு காய்வது வருடக் கணக்கில் நடப்பது, பயணத்தில் நடப்பது அல்ல. கூரியர் அடி என்றால் உடல் வளைந்திருக்கும், கீ பாதுகாப்புக் கம்பிகள் நசுங்கியிருக்கும். இதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வந்த அட்டைப்பெட்டியை எறிந்துவிடவில்லையே? அதில் அடிபட்ட தடம் இல்லை என்பதும் சாட்சிதான்.

எல்லாம் கையில் வந்த பிறகு விற்றவருக்குக் கெடு வைத்து ஒரு நோட்டீஸ், பிறகு சிறு தொகை வழக்கு. கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும்.

அண்ணனின் யோசனை

கூடாது. எண் அழிந்ததை மறைத்து விற்றால், ஏமாந்தவராக இருக்கும் நீங்கள் ஏமாற்றியவராக ஆகிறீர்கள். அதுவும் தெரிந்தே. எண் அழிந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றாலும் தப்பவில்லை, சந்தேகப் பொருளைக் கைமாற்றிய பழி வரும். பழைய படங்களையே போடுவது இன்னும் ஆபத்து. உண்மையான உரிமையாளர் படத் தேடலில் முதலில் கண்டுபிடிக்கப்போவது உங்கள் பெயரில் இருக்கும் விளம்பரத்தைத்தான்.

கிடார்

மனைவிக்காகப் பார்த்திருக்கும் கிடார் 1960களில் செய்தது, பின்பலகை ரோஸ்வுட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து நல்ல கிடார்களில் பிரேசில் ரோஸ்வுட் புழங்கியது. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கை அந்த மரத்தை 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019 நவம்பரில், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்குச் சலுகை கிடைத்தது. "இப்போ பிரச்சினை இல்லை" என்று விற்பவர்கள் சொல்வது இதை வைத்துத்தான். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். எந்த ரோஸ்வுட், அனுமதி யார் வாங்குவது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

அதுவரை வாசிக்கலாமா?

வேண்டாம். பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். வாசித்தால் குற்றம் என்பதற்காகச் சொல்லவில்லை. நாளை அதில் ஒரு கம்பி வளைந்தாலும் யார் வளைத்தது என்ற கேள்வி வரும்.

ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். வாங்கும் நேரம் மறுபடி வந்தால், மேலிருந்து கடைசிக் கீழ் ஸ்வரம் வரை வெட்டாமல் வாசித்த வீடியோ ஒன்று கேளுங்கள். அந்தக் கடைசி ஸ்வரமான கீழ் பி-ஃபிளாட்டுக்கு எல்லாப் பேடும் சேர்ந்து மூட வேண்டும், எங்கே ஒழுகினாலும் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணை அன்றைய தேதி எழுதிய தாளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவருக்கு இரண்டு நிமிட வேலை.

வாடகைக்கு எடுக்கும்போதும், கையெழுத்துப் போடும் முன் கருவியைத் திருப்பிக் கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே பாருங்கள். அங்கே இருக்கும் எண்ணும் ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.